நெய்த்தோர்பட்டி எங்கே?



தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். போதும், எண்ணிவிட்டேன். போகாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன. கையில் வில்லோடு ஒருவன், காலடியில் கெண்டி, சிமிழ். பல்லவர் காலத்துக் கற்களும் உண்டு. இவர்களில் பலர் எதிரி ஓட்டிப்போன ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவர்கள். ஊரார் கல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. செத்தவன் வீட்டுக்கு நிலம் கொடுத்ததும் அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் இருக்கிறது. அந்த நிலத்துக்குப் பெயர் நெய்த்தோர்பட்டி. நெய்த்தோர் என்றால் இரத்தம். பட்டா இல்லாத காலத்தில், பட்ஜெட் இல்லாத காலத்தில், குடும்ப பென்ஷன் கொடுத்த மண் இது.

இப்போது என் கதை. வானம் பார்த்த பூமி. சாமையும் கேழ்வரகும் விளைந்தால் விளைந்தது. 1984-ல் பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போனேன். முதல் மணியார்டர் வந்த அன்று என் அம்மா ரூபாயை எண்ணவில்லை, கடன்காரரை வரச்சொல்லி அவர் கையிலேயே எண்ணச் சொன்னாள். தங்கச்சி கல்யாணம், ஓட்டு வீடு, கிணற்றுக்கு மோட்டார், எல்லாம் அந்த மணியார்டர்தான். நம்பரும் பேரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி இன்றைக்கும் வீட்டில் கிடக்கிறது, பேரன் அதில் கிரிக்கெட் மட்டை போட்டு வைத்திருக்கிறான். சும்மா கிடைக்கவில்லை ஐயா. அப்பா செத்த தந்தி எனக்குக் கிடைத்தபோது இங்கே காரியமே முடிந்துவிட்டது. ஆனாலும் பதினேழு வருஷம் முடித்து வந்தவனுக்கு பென்ஷன் இருந்தது. மழை பொய்த்த வருஷத்திலும் அது பொய்க்கவில்லை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டிய ஊரில் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

2022 ஜூன் 14-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அக்னிபத் திட்டம் என்றார்கள். நாலே வருஷம். நூறு பேரில் இருபத்தைந்து பேருக்கு மேல் நிரந்தரம் கிடையாது. மற்றவர்கள் கையில் 11 லட்சத்து 71 ஆயிரத்தோடு வீட்டுக்கு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. அந்தப் பணத்தைப் பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் 5 லட்சத்து 2 ஆயிரம் பையன் சம்பளத்தில் மாசாமாசம் பிடித்தது! அரசு போடுவது இன்னொரு 5 லட்சத்து 2 ஆயிரம். மிச்சம் வட்டி.

ஏன் இப்படி? பென்ஷன் சுமை என்கிறார்கள். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 5.25 லட்சம் கோடி, அதில் பென்ஷன் மட்டும் 1.19 லட்சம் கோடி. கனமான தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை எம்.பி. ஆனவருக்கு ஆயுசுக்கும் பென்ஷன் தருகிற நாட்டில், சிக்கனம் சியாச்சின் பனியிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

"ஒழுக்கம் கற்றுக்கொண்டு வருவான், நல்லதுதானே" என்கிறார்கள். ஒழுக்கத்தை அடகுக் கடையில் வாங்குவார்களா? நாட்டுக்காவது லாபமா? ராடார் இயக்கவும் பீரங்கி பழகவும் ஒருவனுக்கு வருஷக்கணக்கில் ஆகும். கை பழகும் நேரத்தில் முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டு, மறுபடி புதுக் கையைப் பழக்குவது எந்த ஊர்க் கணக்கு?

ஒகேனக்கல் ரோட்டில் விடியற்காலை நாலரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பட்டாளத் தேர்வுக்காகச் செல்போன் வெளிச்சத்தில் பையன்கள் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தால்தான் முழு மார்க். ஒருவன் ஷூ முன்பக்கம் பிளந்து, சணல் போட்டுக் கட்டியிருந்தான். "அண்ணா, இன்னும் எட்டு செகண்டுதான் குறையணும்" என்றான். அவனை ஓடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினேழரை வயதிலேயே சேரலாம், ஓட்டுப் போடும் வயதுக்கு முன்னாலேயே. இருபத்தொன்றரையில் திரும்பி வருவான். களத்தில் செத்தால் 48 லட்சம் இன்சூரன்ஸ் உண்டு, கருணைத் தொகையும் உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து பங்கரில் செத்த நிரந்தரச் சிப்பாயின் மனைவிக்கு மாசாமாசம் வரும் குடும்ப பென்ஷன் இவன் வீட்டுக்கு இல்லை. குண்டு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்!

உயிரோடு திரும்பினால் அவனுக்கு முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூடக் கிடையாது. எனக்குள்ள கேன்டீன் அட்டை இல்லை, ஆஸ்பத்திரி வசதி இல்லை. 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய தரைப்படையின் முதல் அணிக்கு 2026 கடைசியோடு நாலு வருஷம் முடிகிறது.

நாம் அரசுக்கு அனுப்பும் மனுவில் இரண்டே கோரிக்கை. நாலு வருஷம் முடித்தவனுக்கு முன்னாள் படைவீரர் அட்டை. களத்தில் செத்தவன் வீட்டுக்குக் குடும்ப பென்ஷன். மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்து தெரியாத தாய்மார்கள் ரேகை வைக்கலாம். போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.