கணினிக்கும் மூச்சு வாங்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பழைய கதை பேசாதே, பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது சொல்லு" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சோளிங்கரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சூடும் தூசியும்தான். ஆனால் ஒரு பழைய கதை இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அந்தக் கதைக்கு உரியவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

1999-ஆம் வருடம். அவன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு டி.டி.பி. சென்டர் ஆரம்பித்தான். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் இன்டெல் செலரான் 300ஏ பிராசசர். 1998-இல் வந்த அந்தச் சில்லு, விவரம் தெரிந்தவர்களிடையே உலகம் முழுக்கப் பிரபலம். மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரையால் பெருக்கி 300-இல் ஓடும். அந்தத் துடிப்பை 100 ஆக்கினால் 450-இல் ஓடும். காசு செலவில்லாமல் ஒன்றரை மடங்கு வேகம்! இதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறோம்.

ஜனவரி மாதம் ஒரு காலை நேரம், அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது, பயாஸில் போய் நான் அதைச் செய்தேன். நிலையாக ஓடட்டும் என்று மின்னழுத்தத்தையும் 2.0 வோல்ட்டிலிருந்து 2.2 ஆக்கினேன். அவனிடம் கேட்கவில்லை. "என்னடா, இன்னிக்கு மிஷின் பறக்குது!" என்றான். நான் சிரித்துக்கொண்டேன்.

நான் போடாத கணக்கு ஒன்று உண்டு. தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராசசர் வெளிவிடும் வெப்பம் வேகத்தோடு நேராக ஏறும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் 1.5 மடங்கு. மின்னழுத்தம் 1.1 மடங்கு, அதன் வர்க்கம் 1.21. இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.8. வேகம் பாதிதான் கூடியது, சூடோ எண்பது சதவீதம் கூடிவிட்டது.

இரண்டாவது கணக்கு நம்ம ஊர்க் கணக்கு. ஹீட் சிங்க்கும் ஃபேனும் சில்லின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்தத்தான் முடியும்; அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. உதாரணத்துக்கு, அறை வெப்பத்தைவிடச் சில்லு 30 டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அறை 25 என்றால் சில்லு 55. ஓவர்கிளாக் செய்தால் அந்த 30 என்பது 54 ஆகும், சில்லு 79. பரவாயில்லை, ஓடும். அக்னி நட்சத்திரத்தில் அறை 40 ஆகும்போது? 94. நான் ஜனவரிக் காலையில் சோதித்துவிட்டு வேலூர் மாவட்டத்து மே மாதத்துக்கு உத்தரவாதம் கொடுத்தவன்!

அதோடு, தூசி படக்கூடாது என்று அவன் கேபினெட்டை மேசைக்குக் கீழே மர அடைப்புக்குள் வைத்திருந்தான். உள்ளே போன காற்று அங்கேயே சுற்றியது. மே மாதம் மதியம் இரண்டு மணி. ஷூ மேல்பாகம் தைக்கும் சிறு யூனிட் ஒன்றின் வருடக் கணக்கை அடித்துக்கொண்டிருந்தான். மிஷின் நின்றது. மறுபடி போட்டான், மறுபடி நின்றது. மூன்றாம் முறை கணக்கு ஃபைலே திறக்கவில்லை. மூன்று இரவு கண் விழித்து மறுபடி அடித்தான். மெக்கானிக் ஒருவர் சொன்னார் என்று புது எஸ்.எம்.பி.எஸ். வேறு வாங்கினான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மாலை யாருக்கும் தெரியாமல் பழைய வேகத்துக்கே மாற்றிவைத்தேன். அதன் பிறகு மிஷின் நிற்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். நல்ல சரக்கு என்று அவன் எல்லோரிடமும் சொன்னான்.

அன்றைக்குக் கற்றதைத்தான் இன்றுவரை செய்கிறேன். நம் பகுதியில் தோல் உலர்த்தும் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். நுழையும் வழியை ஒரு தோல் மறைத்தால் பின்வரிசை உலராது. கேபினெட்டும் அப்படித்தான். முன்பக்கம் கீழே குளிர்காற்று வரட்டும். பின்பக்கம் மேலே சூடான காற்று போகட்டும். நடுவில் கேபிள்கள் தொங்கக் கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உள்ளே இழுக்கும் ஃபேனின் பலம் வெளியே தள்ளுவதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால், சந்து பொந்து வழியாகத் தூசி நுழையாது. வடிகட்டி வழியாகத்தான் காற்று வரும். வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், சுண்ணாம்பு மாதிரி அப்ப வேண்டாம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. தோல் பதனிடும் இடங்களில் சல்பைடு கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைத்து அரிக்கும். காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கத்து ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்.

இன்றைய பிராசசர்கள் புத்திசாலிகள். சூடு எல்லையைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம்ம பெரிய மலையின் 1305 படியை ஒரே மூச்சில் ஏறுகிறவன், மூச்சு வாங்கினால் படியில் உட்காருகிற மாதிரிதான். அதனால்தான், "மிஷின் ஸ்லோவா இருக்கு" என்று என்னிடம் வரும் பலவற்றுக்கு நான் புதுப் பாகம் போடுவதில்லை, தூசி தட்டுகிறேன். மின்னழுத்தம் மட்டும் இன்றும் விளையாட்டில்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்து, 2024-இல் அந்நிறுவனமே திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வேகம் கூட்டுவது தப்பில்லை. உங்கள் சொந்த மிஷினில் செய்யுங்கள். வெப்ப அளவைத் திரையில் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, ஒரு மணி நேரம் முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். அதில் தேறினால்தான் தேர்ச்சி. அடுத்தவர் மிஷின் என்றால் முதலில் வாயைத் திறந்து கேளுங்கள்.

டேய், உன் எஸ்.எம்.பி.எஸ். நல்லாத்தான்டா இருந்தது. கெடுத்தது நான். அந்த மூன்று இரவை என்னால் திருப்பித் தர முடியாது. அந்தப் பணம் இந்த உறையில் இருக்கிறது. நீ வாங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல்வரிடமே கொடுக்கிறேன். ஆய்வகத்து மிஷின்களுக்கு வடிகட்டியும் பேஸ்ட்டும் வாங்கட்டும். மே மாதம் ஒரு சனிக்கிழமை நானே வந்து, மாணவர்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் திறந்து சுத்தம் செய்து தருகிறேன். நீயும் வா.