நாடிழந்த கோமகனின் தொழில்



1772 முதல் 1795 வரையான காலத்தில் இரசியா, பிரசியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தைப் பங்கிட்டு விழுங்கின. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து மக்களுக்கு மொழி இருந்தது. சொந்த அரசு இருக்கவில்லை.

அக்காலத்தில், 1830இல் பிறந்தவர் கோமகன் ஸ்தனிஸ்லாவ் யூலியன் ஒஸ்ட்ரோரோக். பழம்பெரும் பிரபு குலத்தவர். கிரைமியப் போரில் (1853–1856) இரசியாவுக்கு எதிராக, உதுமானியப் பேரரசின் கொசாக் படைப்பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்தது; போலந்து மீளவில்லை. 1862இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார்.

நாடும் நிலமும் கைவிட்டுப்போன பிரபு எதைக்கொண்டு வாழ்வது? கூலிக்குத் தொழில் செய்வது குலத்துக்கு இழுக்கு என்று பிரபுக்கள் எண்ணிய காலம் அது. ஒஸ்ட்ரோரோக்கோ, அந்நாளில் புதிதாக வளர்ந்துவந்த ஒளிப்படக் கலையைக் கற்று, முதலில் மார்செய் நகரிலும் பின்னர் பாரிசிலும் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். பெயர்ப்பலகையில் குலப்பெயரை எழுதவில்லை. மனைவி வலேரியாவின் பெயரைத் தழுவி, 'வலேரி' என்று எழுதினார்.

1875ஆம் ஆண்டளவில் அவர் படம்பிடித்தவர்களுள் ஒருவர் விக்டர் ஹியூகோ. 19 ஆண்டுகள் நாடு கடந்து வாழ்ந்து, 1870இல் பிரான்சுக்குத் திரும்பிய எழுத்தாளர் அவர். படக்கருவிக்கு முன்னால் இருந்தவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. பின்னால் நின்றவருக்கு அது வாய்க்கவில்லை.

1880களில் வலேரி இலண்டனுக்கு வந்தார். அரசியின் ஒளிப்படக் கலைஞர் என்ற தகுதி அவரது பட அட்டைகளில் அச்சாகியது. சீமான்களும் சீமாட்டிகளும் நடிகர்களும் ரீஜன்ட் வீதியிலிருந்த அவரது நிலையத்தை நாடினர். பிரபுக்களின் நடையுடை பாவனைகளை அறிந்திருந்தமை அங்கே தொழிலுக்குத் துணை நின்றது. சொத்து போயிற்று, பிறப்போடு வந்த பழக்கம் மூலதனமாயிற்று.

1890இல் அவர் இலண்டனில் காலமானார். ஒரு மகன் 'வலேரி' என்ற பெயரிலேயே தொழிலைத் தொடர்ந்தார். மற்றொரு மகன் லியோன், இஸ்தான்புல்லில் புகழ்பெற்ற சட்ட அறிஞரானார். பொஸ்பரஸ் கரையில் அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் ஒஸ்ட்ரோரோக் என்ற குலப்பெயராலேயே அழைக்கப்படுகிறது.

பெற்றோரே, தந்தை பலகையில் எழுதாத பெயரை மகனின் கல்வி நிலைநாட்டியது. இளையோரே, உங்கள் பெற்றோர் இந்நாட்டில் எந்த வேலையை ஏற்றார்கள் என்பதோடு, எதை விட்டுவிட்டு ஏற்றார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். அவர்களே சொல்லக்கூடிய காலத்தில் கேட்டறியுங்கள்.