இரண்டாம் முறை எழுதிய பரீட்சை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் வைத்தியர். ஆனால் இன்று விமானிகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். காரணம், என்னைக் கைபிடித்து இப்பாடசாலைக்குக் கூட்டிவந்த என் அக்காவின் மகள்.

அவள் இங்கிலாந்தில் விமானம் ஓட்டப் பழகி, 2020 இல் பிரித்தானிய அனுமதிப்பத்திரம் பெற்றாள். அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் விதிகளே பிரித்தானியாவிலும் நடைமுறையில் இருந்தன. ஒரு நாட்டின் பத்திரம் எல்லா உறுப்பு நாடுகளிலும் செல்லுபடியானது. 2020 டிசெம்பர் 31 உடன் அது முடிந்தது. அதற்கு முன்னர் பத்திரத்தை வேறோர் உறுப்பு நாட்டுக்கு மாற்றியவர்கள் தப்பினர். இவளோ, "பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிட்டாள்.

1944 இன் சிக்காகோ உடன்படிக்கைப்படி, விமானம் எந்த நாட்டிற் பதியப்பட்டதோ அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட பத்திரம் விமானிக்கு வேண்டும். ஆகவே பிரித்தானிய விமானத்தை அவள் பாரிசுக்கு ஓட்டலாம். அயர்லாந்திற் பதிந்த விமானத்தை ஓட்ட முடியாது. அங்கே வேலை தேடியபோது 13 பாடங்களையும் மீண்டும் எழுதவேண்டும் என்றார்கள். மருத்துவச் சான்றிதழும் புதிதாக வேண்டும். அதே கண், அதே இதயம். சான்றிதழ் மட்டும் இரண்டு.

"சித்தி, நான் ஓட்டப் பழகியதை மறந்துபோனேனா?" என்று அழுதாள். எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. இலங்கையில் வைத்தியராக வேலை செய்துவிட்டு, இங்கிலாந்தில் பிளாப் பரீட்சைக்குப் புத்தகத்தோடு இருந்தபோது எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. பின்னர்தான் விளங்கியது: பத்திரம் என்பது எமது திறமை அல்ல, எமக்காக யார் பொறுப்பு நிற்கிறார்கள் என்ற சாட்சி. சாட்சி விலகினால் பத்திரம் விலகும், கற்றது விலகாது.

பிள்ளைகளை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் தாய்மாரே, காசு கட்டமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பத்திரம் எந்த நாட்டுடையது? பிள்ளை வேலை செய்ய விரும்பும் இடத்தில் விமானங்கள் எந்த நாட்டிற் பதியப்பட்டவை? மருத்துவச் சான்றிதழ் அங்கே செல்லுமா? இரு பத்திரங்களுக்கும் சேர்த்தே ஆயத்தப்படுத்தும் பயிற்சி நிலையங்களும் உண்டு.

மகள் 13 பாடங்களையும் எழுதிச் சித்தியடைந்து, இன்று பறக்கிறாள். எம்மிற் பலர் கடல் கடந்து இரண்டாம் முறை பரீட்சை எழுதியவர்கள். அந்த மேசையில் மீண்டும் அமரும் பொறுமையை இந்த வகுப்பறைகளே எமக்குத் தந்தன.