மின்பியானோவும் அதன் பிணிகளும்

இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரிலே, 1700ஆம் ஆண்டளவில், கிறிஸ்தொபோரி என்னும் கைவினைஞர் சுத்தியலால் தந்தியைத் தட்டி ஒலியெழுப்பும் கருவியொன்றை அமைத்தார். அதுவே பியானோவின் மூதாதை. இன்று பல வீடுகளிற் காணப்படும் டிஜிற்றல் பியானோவிலோ தந்தி இல்லை. நல்ல பியானோவொன்றின் ஒலியைச் சுரஞ் சுரமாகப் பதிவு செய்து, எண்களாக்கிச் சேமித்து, விரல் படும்போது மீட்டும் ஒலிக்கச் செய்வதே இவற்றுட் பெரும்பாலானவற்றின் முறை. ஆதலின் மழைக்கும் வெயிலுக்கும் இதன் சுருதி கலைவதில்லை. ஆயினும், பிணியே இல்லாத கருவி உலகில் இல்லை.

அப்பிணிகளை அறியாமையால் முதலில் வருந்துவது பயிலும் பிள்ளையே. ஒரு சுரம் மாத்திரம் உரத்துக் கேட்டால், விரலை அடக்கும்படி பிள்ளையைக் கடிகின்றனர். சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பினால், கால் தவறுகிறது என்கின்றனர். பிழை கருவியினுடையதாயிருக்க, தனக்கு இசை வராதென்று எண்ணிப் பிள்ளை மனந்தளர்கிறது. மற்றொரு புறம், சிறிய காரணத்தைப் பெரும் பழுதென்று கருதிப் பெற்றோர் வீண் பணம் செலவிடுகின்றனர். நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன்பின்னரே பரிகாரம் செய்யவேண்டும் என்று வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த ஒழுங்கு இக்கருவிக்கும் பொருந்தும்.

கருவி உயிர்பெறவில்லையாயின், முதலிற் பார்க்கவேண்டியது சுவரிலுள்ள மின்செருகி. அதே செருகியில் மேசைவிளக்கொன்றை எரித்துப் பார்த்தால் ஐயம் தீரும். அடுத்தது அடப்டர். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. சிறிய வகைப் பியானோக்கள் பலவற்றுக்கு வேண்டியதோ 12 வோல்ற்று நேர்மின்சாரம். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு பொருளின் அடப்டரைச் செருகுதல் ஆபத்து. வோல்ற்று, அம்பியர், நேர்முனை எதிர்முனை ஆகிய மூன்றும் கருவியின்மேற் பொறித்துள்ள குறிப்போடு ஒத்திருத்தல் வேண்டும். வாசியாது விட்டுவைத்த கருவி சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடுமாயின், அது பழுதன்று. மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பல கருவிகளில் அவ்வாறு அமைத்துள்ளார்கள்.

விளக்கு எரிகிறது, ஒலி மாத்திரம் இல்லை என்பது அடுத்த முறைப்பாடு. ஒலியளவைக் கூட்டிப் பார்த்தபின், ஹெட்போன் துளையைக் கவனிக்கவேண்டும். ஹெட்போனைக் கழற்றிய பின்னும் அதன் இணைப்பு முனை துளையிலேயே தங்கியிருந்தால், ஒலிபெருக்கி ஊமையாகவே இருக்கும். கருவியைக் கணினியோடு இணைத்தவர்கள் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1983ஆம் ஆண்டு அறிமுகமான ‘மிடி’ என்னும் இணைப்பு முறையில், விசைகளுக்கும் கருவியின் சொந்த ஒலிக்குமுள்ள தொடர்பைத் துண்டிக்கும் அமைப்பு உண்டு. ‘லோக்கல் கொன்ட்ரோல்’ என்பது அதன் பெயர். சுரம் இரட்டித்துக் கேளாதிருக்க அதனைத் துண்டித்தவர், மீளப் பொருத்த மறந்தால், எந்த விசையை அழுத்தினும் ஒலி எழாது.

கருவி ஒலிக்கிறது, ஆனாற் பாட்டோடு சேரவில்லை. இங்கே சுருதியை ஏற்றி இறக்கும் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானை யாரோ தொட்டிருக்கக்கூடும். அதனைச் சுழியத்துக்கும், மத்திய ‘ஏ’ சுரத்தை வழக்கமான 440 அதிர்வுக்கும் கொண்டுவந்தால் ஒழுங்காகும். எது மாறியதென்று விளங்காதபோது, தொழிற்சாலை அமைப்புக்கு மீட்கும் வழி கைந்நூலிற் கூறப்பட்டிருக்கும். ஆயினும், சேமித்துவைத்த பதிவுகள் அதனால் அழிந்துபோகக்கூடும் என்பதை மறத்தலாகாது.

இனி, ஒரு விசையின் நோய். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு விசையின் கீழும் றப்பர்க் குமிழொன்றும், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரு தொடுமுனைகளும் உள்ளன. இரண்டும் தொடுவதற்கு இடைப்பட்ட காலத்தைக் கருவி அளக்கிறது. காலம் குறுகினால் விரல் வேகமாக விழுந்ததென்று கொண்டு உரத்து ஒலிக்கிறது. இம்முனையிலே தூசு படிந்தால் அளவு பிழைக்கும். மெல்லத் தொட்டாலும் சுரம் அலறும், அல்லது ஒலியாதே போகும். பிள்ளையைக் கடியுமுன், பெரியவரொருவர் அதே விசையையும் அயல் விசையையும் ஒரே அளவாகப் பலமுறை தொட்டுப் பார்ப்பாராக. மீண்டும் மீண்டும் அந்த ஒன்றே வேறுபட்டால், குற்றம் விரலினதன்று. கருவியைத் திறந்து அம்முனைகளைத் துடைத்தல் பழகிய தொழில்நுட்பவியலாளரின் வேலை.

பெடலை மிதிக்கும்போது சுரம் அறுந்து, காலை எடுத்தபோது நீளுமாயின், பெடல் தலைகீழாக இயங்குகிறது. கருவிகள் பலவும் உயிர்பெறும் கணத்திற் பெடலின் நிலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே கருவியை அணைத்து, பெடலை நன்கு செருகி, அதன்மேற் கால் படாதிருக்க மீண்டும் ஏற்றினாற் பெரும்பாலும் சீராகும். விசையை அழுத்திச் சற்றுப் பிந்தி ஒலி கேட்குமாயின், கம்பியில்லாத புளூடூத் ஹெட்போனே காரணமாதல் கூடும்; கம்பியுள்ளதைப் பயன்படுத்துதல் நன்று. குறித்த சில சுரங்களுக்கு மாத்திரம் கிறுகிறுவென்று அதிர்வு கேட்டால், ஹெட்போன் மூலம் கேட்டுப் பார்க்கவேண்டும். அதிலே அதிர்வு இல்லையாயின், பியானோவின் மேலுள்ள பூச்சாடியோ படச்சட்டமோ கூடவே அதிர்கிறது. அவற்றை அகற்றியும் ஓயாவிட்டால், ஒலிபெருக்கியைச் சோதிப்பிக்கவேண்டும்.

வருமுன் காத்தலே இவை எல்லாவற்றினும் எளிது. வாசித்து முடிந்ததும் துணியால் மூடுதல், கடற்காற்றும் நேர்வெயிலும் படாத இடத்தில் வைத்தல், விசைகளை மெல்லிய உலர்ந்த துணியால் மாத்திரம் துடைத்தல், இடிமின்னல் வருமுன் செருகியைக் கழற்றிவிடுதல் ஆகியன செலவில்லாத காப்புகள். கருகிய மணமோ புகையோ எழுந்தால், எதையும் சோதியாது உடனே மின்சாரத்தை நிறுத்தி, கற்றவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

டிஜிற்றல் பியானோவின் 88 விசைகளுள் ஒன்று பழுதானால் அதனைத் திருத்திவிடலாம். செய்யாத பிழைக்காகக் கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளையின் ஊக்கத்தை மீட்பது அத்துணை எளிதன்று. கருவியைச் சோதிக்கும் பத்து நிமிடம் அப்பிள்ளைக்குச் செய்யும் நீதியாகும்.