மாண்டிசெல்லோ மாளிகையின் அடுக்களை



பெரியோர் வாழ்ந்த பழைய இல்லங்களைக் காட்சியகங்களாகப் பேணிக் காக்கும் வழக்கம் மேலைநாடுகளில் நன்கு வேரூன்றியுள்ளது. அவற்றுள் சிலவற்றில் அணைந்துபோன அடுப்பை மீண்டும் மூட்டி, அக்கால முறைப்படியே சமைத்துக் காட்டுகிறார்கள். இது பொழுதுபோக்கா, வரலாற்றுக் கல்வியா என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மாண்டிசெல்லோ மாளிகையைச் சான்றாக வைத்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறேன்.

1776ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையை வரைந்தவரும், பின்னர் அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராக விளங்கியவருமான தாமஸ் ஜெபர்சன், குன்றின்மீது தாமே திட்டமிட்டுக் கட்டிய இல்லம் அது. மாந்தர் யாவரும் நிகர் என்று எழுதிய அப்பெருமகன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். அவர் வீட்டு விருந்தின் புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. ஆனால் சமைத்தவர்கள் கண்ணில் படாதவாறே அந்த உணவுக்கூடம் அமைக்கப்பட்டது. கணப்படுப்பின் பக்கத்தில் மறைந்துள்ள தூக்குப்பெட்டி நிலவறையிலிருந்து மதுக்குப்பிகளை மேலே கொணரும். தட்டங்கள் அடுக்கிய சுழற்கதவு ஒன்று சுழன்றால் உணவு தானே வந்தது போலத் தோன்றும். அடுக்களையோ வெகுதொலைவில், தெற்கு மேடையின் அடியில் இருந்தது.

அந்த அடுக்களையின் சிறப்பு, எட்டுக் குழிகள் கொண்ட செங்கல் அடுப்பு. நம் பாட்டிமார் புழங்கிய குமுட்டி அடுப்புகள் எட்டினை இடுப்பளவு உயரத்தில் வரிசையாகப் பதித்தாற்போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். கரித்தணலைக் கூட்டியும் குறைத்தும் குழம்பு வகைகளைப் பதமாக இறக்கும் பிரெஞ்சுச் சமையலுக்கு அதுவே ஏற்றது. அதன் அருகில் பெரிய கணப்படுப்பு. அதிலே விறகு எரிந்து தணலானதும், இரும்பு அகப்பையால் தணலைத் தரைக்கு இழுத்து, அதன்மேல் முக்காலிச் சட்டியை வைப்பார்கள். மூடியின்மேலும் தணலைக் குவிப்பார்கள். மேலும் கீழும் ஒருசேர வெந்தாக வேண்டும். வெப்பத்தை அளக்கக் கருவி ஏது? கையை அருகே நீட்டி, எவ்வளவு நேரம் சூடு பொறுக்கிறது என்பதே அளவு. இரும்பின் பாரமும் புகையின் எரிச்சலும் ஏட்டில் எழுதினால் விளங்கா. ஒருவர் குனிந்து நிமிர்ந்து சமைப்பதைக் கண்டால் விளங்கும்.

ஜெபர்சன் தம் கையாலேயே எழுதிய ஐஸ்கிரீம் செய்முறை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதைக் காட்டி, அமெரிக்காவுக்கு ஐஸ்கிரீமைக் கொணர்ந்தவரே அவர்தாம் என்று கதை கட்டுவோரும் உண்டு, அது மிகை. எழுதியது அவர் கை. கிண்டியதும் உறையவைத்ததும் வேறு கைகள்.

அக்கைகளுள் ஒன்று ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்பாருடையது. 1784இல், தம் 19ஆம் வயதில், ஜெபர்சனுடன் பாரிஸ் சென்று, அங்குள்ள தேர்ந்த சமையலாளரிடம் கலையைக் கற்றுத் தலைமைச் சமையலாளர் ஆனவர். தம் கலையை இன்னொருவர்க்குக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று 1793இல் ஜெபர்சன் எழுதிக் கொடுத்தார். தம்பி பீட்டர் ஹெமிங்சைப் பழக்கி, 1796இல் ஜேம்ஸ் விடுதலை பெற்றார். போகுமுன் அடுக்களைப் பாத்திரங்களையெல்லாம் தம் கையெழுத்தில் பட்டியலிட்டு வைத்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. 1801இல், 36 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நம் அவை மகிழத்தக்க செய்தியும் உண்டு. தாம் இறைச்சியைச் சிறிதே உண்பதாகவும், அதுவும் காய்கறிக்குத் துணையாகவே என்றும் 1819ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் ஜெபர்சன் குறித்துள்ளார். 1000 அடி நீளமுள்ள அவருடைய காய்கறித் தோட்டத்தை மலைச்சரிவில் வெட்டிச் சமன்செய்தவர்கள் அடிமைகளே. தம் குடில்களின் அருகே அவர்கள் பயிரிட்ட காய்களை மாளிகை விலைகொடுத்து வாங்கியதை, ஜெபர்சனின் பேத்தி 1805 முதல் 1808 வரை எழுதிய வீட்டுக் கணக்கு காட்டுகிறது. அங்கே விளைந்த வெண்டையும் காராமணியும் எள்ளும் நம் அடுக்களைக்கும் உறவானவை அல்லவா! காராமணியின் தாயகம் ஆப்பிரிக்கா. எள்ளோ நம் மண்ணில் பிறந்து, ஆப்பிரிக்கா சென்று, அங்கிருந்து அடிமைகளோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

அடிமைகளின் வழித்தோன்றலான மைக்கேல் ட்விட்டி என்னும் சமையல் வரலாற்றாசிரியர், இத்தகைய தோட்டமாளிகைகளில் அக்கால உடையணிந்து தணலில் சமைத்துக் காட்டி வருகிறார். அவர் நூல் 2018இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்டு விருதினைப் பெற்றது. முன்னோர் பட்ட பாட்டையும் சொல்லிக்கொண்டே அவர் சமைக்கிறார். கேட்போர் சிலர்க்கு அது கசக்கிறது. இனிப்பைச் சுவைத்துச் சிரித்துவிட்டுப் போக வந்தோம் என்கிறார்கள். சமைத்தவர் பெயரைச் சொல்லாமல் சுவையை மட்டும் பரிமாறும் காட்சி, அந்தச் சுழற்கதவின் வேலையையே மீண்டும் செய்கிறது என்பேன்.

ஈடித் பாசெட் என்னும் பெண்மணி 1802 முதல் குடியரசுத் தலைவர் இல்லத்தில் பிரெஞ்சுச் சமையலாளரிடம் பயின்று, 1809 முதல் 1826 வரை மாண்டிசெல்லோ அடுக்களையின் தலைவியாய் இருந்தவர். ஜெபர்சனின் உயிலின்படி கொல்லரான கணவர் ஜோசப்புக்கு விடுதலை கிடைத்தது. ஈடித்தும் பிள்ளைகளும் 1827 சனவரியில் ஏலத்தில் நிறுத்தப்பட்டனர். ஜோசப் உழைத்துப் பொருளீட்டி, குடும்பத்தை மீட்கப் பாடுபட்டார். ஏலம்போனபோது மகன் பீட்டருக்கு 11 வயது. அவர் விடுதலை காண 1850 அளவில் ஆயிற்று. பின்னர் சின்சினாட்டி நகரில் சமய போதகராகவும், விருந்துகளுக்குச் சமைத்தளிக்கும் தொழிலில் பெயர் பெற்றவராகவும் வாழ்ந்தார். தாயின் கைப்பக்குவம் மகனிடம் தொடர்ந்தது. 1900ஆம் ஆண்டில், 85 வயது முதியவராய், அவர் மாண்டிசெல்லோவுக்கு ஒருமுறை திரும்பிச் சென்றார்.