ரீ-ரன் பட்டனுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்த பக்

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு டெஸ்ட் பத்தி. ஒரு தடவை ஓட்டினா பாஸ். அடுத்த தடவை ஓட்டினா ஃபெயில். நடுவுல கோட்ல ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. இந்த மாதிரி டெஸ்டைத்தான் ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’னு சொல்றோம்.

இது சின்ன டீம்களோட தலைவலி மட்டும் இல்ல. 2016-ல கூகுள் தன்னோட நிலைமையை வெளிப்படையாவே எழுதிச்சு. அங்க இருக்கிற டெஸ்டுகள்ல கிட்டத்தட்ட 16 சதவீதம் ஏதோ ஒரு அளவுக்கு ஃப்ளேக்கி. பாஸ் ஆயிட்டிருந்த டெஸ்ட் திடீர்னு ஃபெயில் ஆகிற சம்பவங்கள்ல 84 சதவீதத்துல ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. கூகுளுக்கே இந்த நிலைமை!

ஆனா எனக்குப் பெரிய பிரச்சினையாத் தெரியறது எண்ணிக்கை இல்ல, பழக்கம். ‘புலி வருது’ கதை நமக்குத் தெரியும். சிவப்பு விளக்கு எரிஞ்சா ‘ஓ, அதுவா, சும்மா ரீ-ரன் பண்ணு’ன்னு ஒரு டீம் பழகிட்டா, நிஜமாவே புலி வர்ற அன்னைக்கும் அதே பட்டனைத்தான் அழுத்தும்.

நான் சேர்ந்த ஒரு டீம்ல இப்படி ஒரு டெஸ்ட் இருந்தது. ஜாவாவுல எழுதின சர்வர். மெமரி குறைய ஆரம்பிச்சதும் அதுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வரணும். வந்த உடனே கேஷ்ல இருக்கிறதைத் தூக்கிப் போட்டு மூச்சு விட்டுக்கணும். வரலைன்னா கொஞ்ச நேரத்துல ‘அவுட் ஆஃப் மெமரி’, சர்வர் காலி. அந்த நோட்டிஃபிகேஷனைச் சோதிக்கிற டெஸ்ட் டெவலப்பர் லேப்டாப்ல எப்பவும் பச்சை. பில்ட் சர்வர்ல மட்டும் அப்பப்போ சிவப்பு. ‘இதை இக்னோர்ல போட்டுடலாம்’னு பேச்சு வந்தப்போ, ரெண்டு நாள் டைம் கேட்டு நான் எடுத்துக்கிட்டேன்.

டெஸ்ட் பண்ற வேலை எளிமையானது. ‘ஓல்ட் ஜெனரேஷன்’ மெமரிக்கு ஒரு எல்லை வைக்கும். 1 எம்பி அளவுல துண்டு துண்டா அந்த எல்லையைத் தாண்டுற அளவுக்கு மெமரி எடுக்கும். 2 செகண்ட் தூங்கும். எழுந்து, ‘சரியா ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சா?’ன்னு பார்க்கும்.

முதல்ல நான் கோடைத் தொடல, ஜாவாவோட ஆவணத்தைப் படிச்சேன். இந்த வசதி 2004-ல ஜாவா 5-லயே வந்தது. எல்லை தாண்டியாச்சான்னு எப்போ பார்க்கும்? ‘தகுந்த நேரத்துல, பொதுவா கார்பேஜ் கலெக்‌ஷன் நடக்கும்போது’ங்கிற அர்த்தத்துலதான் அங்க எழுதியிருக்கு. ‘தாண்டின உடனே’ன்னு எங்கேயும் இல்ல.

அபார்ட்மென்ட் மாடி டேங்க்கை நினைச்சுக்கோங்க. தண்ணி அளவைப் பார்க்க சென்சார் கிடையாது, வாட்ச்மேன்தான் ஏறிப் பார்க்கணும். அவர் ஏறும்போதுதான் டேங்க் நிரம்பினது தெரியும். இங்க வாட்ச்மேன், கார்பேஜ் கலெக்டர். நம்ம டெஸ்ட் ‘2 செகண்ட்ல அவர் ஏறியிருப்பார்’னு தானா முடிவு பண்ணிக்கிச்சு.

சரி, லேப்டாப்ல மட்டும் எப்படி எப்பவும் பாஸ்? ரெண்டு காரணம்.

ஒண்ணு, ஹீப் அளவு. நாம எதுவும் சொல்லலைன்னா, ஜாவா பொதுவா மெஷின் மெமரியில கால் பங்கை அதிகபட்ச ஹீப்பா எடுத்துக்கும். பில்ட் சர்வர் பெரிய மெஷின், அதனால ஹீப் பெருசு. இடம் தாராளமா இருந்தா வாட்ச்மேன் ஏன் அடிக்கடி ஏறப் போறார்?

ரெண்டு, ஜி1. ஜாவா 9-லேர்ந்து, சர்வர் மாதிரி மெஷின்கள்ல இதுதான் டீஃபால்ட் கலெக்டர். அது ஹீப்பைச் சம அளவு ரீஜியன்களாப் பிரிக்கும். ஒரு ஆப்ஜெக்ட் பாதி ரீஜியன் அளவு இருந்தாலே அதைத் தனியா நடத்தி நேரா ஓல்ட் ஜெனரேஷன் கணக்குல சேர்த்துடும். சின்ன ஹீப்புக்கு ரீஜியன் 1 எம்பி. ஹீப் பெருசானா 8 எம்பி, 16 எம்பி வரைக்கும்கூடப் போகும். ஆக, அதே 1 எம்பி துண்டு லேப்டாப்ல நேரா ஓல்டுக்குப் போச்சு. பில்ட் சர்வர்ல புது ஆப்ஜெக்ட்கள் இருக்கிற ‘ஈடன்’ பக்கம் போச்சு. டேங்க்கே வேற! டெஸ்ட் கவனிச்சிட்டிருந்த டேங்க்ல தண்ணியே ஏறல.

தூக்கத்தை 2 செகண்ட்லேர்ந்து 10 ஆக்கினா சரியாகாதான்னு கேட்டாங்க. ஆகாது. ஃபெயில் ஆகிறது கொஞ்சம் குறையும், டெஸ்ட் எப்பவும் மெதுவாகும், நோய் அப்படியே இருக்கும்.

நான் பண்ணினது நாலு மாற்றம். டெஸ்டுக்கு ஹீப் அளவை நாமே ஃபிக்ஸ் பண்ணியாச்சு, எந்த மெஷின்லயும் ஒரே அளவு. எடுத்த மெமரியை ஒரு லிஸ்ட்ல கடைசி வரைக்கும் பிடிச்சு வச்சாச்சு. இல்லைன்னா கலெக்டர் அதைக் குப்பைன்னு அள்ளிடும். கொஞ்சம் எடு, ‘சிஸ்டம் டாட் ஜிசி’ கூப்பிடு, வந்துச்சான்னு பாருன்னு ஒரு லூப் போட்டாச்சு. அந்தக் கால் ஒரு வேண்டுகோள்தான், கட்டளை இல்ல, அதனாலதான் லூப். கடைசியா, தூக்கத்தை எடுத்துட்டு ஒரு லாட்ச். நோட்டிஃபிகேஷன் வேற த்ரெட்ல வரும். வந்த நொடியே டெஸ்ட் நகர்ந்துடும். வரவே இல்லைன்னா மட்டும் தாராளமான ஒரு கெடு முடிஞ்சு ஃபெயில்.

‘சரியா ஒண்ணு’ங்கிறதை மட்டும் மாத்தல. ஏன்னா அது ஆவணத்துல இருக்கிற வாக்குறுதி. ஒரு தடவை சொன்னா, அளவு எல்லைக்குக் கீழ இறங்கி மறுபடி ஏறுற வரைக்கும் ரெண்டாவது தடவை சொல்லாது.

இந்த வரியை டைப் பண்ணும்போதுதான் எனக்குப் பொறி தட்டிச்சு. எங்க சர்வர் கோட் என்ன பண்ணுது? நோட்டிஃபிகேஷன் வந்தா கேஷ்ல கால் பங்கைத் தூக்கும். பத்தலைன்னா அடுத்த நோட்டிஃபிகேஷனுக்குக் காத்திருக்கும். ஆனா கால் பங்கைத் தூக்கியும் அளவு எல்லைக்கு மேலயே இருந்தா? அடுத்தது வரவே வராது! வாட்ச்மேன் ஒரு தடவை சொல்லிட்டார், அவர் வேலை முடிஞ்சது.

இதுக்குத் தனியா ஒரு டெஸ்ட் எழுதினேன். ஃபெயில். பத்துத் தடவை ஓட்டினாலும் பத்துத் தடவையும் ஃபெயில். அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்ற டெஸ்டை நம்பலாம். பழைய லாக்குகளைத் தோண்டினா, ரீ-ரன் பண்ணி மூடின சில ரன்கள்ல இதே அறிகுறி இருந்திருக்கு. புலி ஏற்கெனவே வந்து போயிருக்கு.

சரி பண்றது சுலபம். முதல் நோட்டிஃபிகேஷன் வந்ததும் சர்வரே அளவைக் கேட்டுக் கேட்டு, எல்லைக்குக் கீழ இறங்குற வரைக்கும் கேஷைக் குறைச்சிட்டே போகணும். இருபது வரிகூட இல்ல.

உங்க டீம்லயும் இப்படி ஒரு டெஸ்ட் கண்டிப்பா இருக்கும். ரீ-ரன் அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: இந்த டெஸ்ட் எதிர்பார்க்கிறதை அந்த சிஸ்டம் எங்கேயாவது தர்றேன்னு சொல்லியிருக்கா? சொல்லலைன்னா டெஸ்டைத் திருத்துங்க. சொல்லியிருந்தும் ஃபெயில் ஆகுதுன்னா அது பக், விடாதீங்க.

உங்ககிட்ட இருக்கிற ஃப்ளேக்கி டெஸ்ட் கதையை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.