கிடைக்காத படமும் நூலகப் பதிவேடும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் வீடியோ நாடாவைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஒரு நல்ல நாவலைப் போலவே ஒரு நல்ல திரைப்படமும் சமூகத்தின் நினைவுதான். நூல் ஒன்று கடையில் இல்லாமற் போனால் நூலகத்தை நாடுகிறோம். படம் ஒன்று கடையில் இல்லாமற் போனால் எங்கே போவது? நூலகம் அதைச் சட்டத்துக்கு மாறின்றி எப்படிப் பெறுவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

என் அனுபவம் ஒன்றோடு தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி நூலகம் ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைப் படித்து முடித்திருந்த வகுப்புக்கு, சத்யஜித் ராயின் படத்தையும் காட்ட வேண்டும் என்று விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். நான் பஸ் ஏறிப் போய் வீடியோ கடையொன்றில் ஒரு நாடாவை வாங்கி வந்தேன். அது பிரதிக்குப் பிரதி எடுத்த கொப்பி. அப்புவும் துர்க்காவும் ரயில் பார்க்க ஓடும் காட்சியில் நாணற்பூ எது, புகை எது என்று தெரியவில்லை. ஆனாலும் படம் கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

நூலகர் ஐயா பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். நூலகத்துள் நுழையும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, விலைக்கு வாங்கியதா அன்பளிப்பா என்று எழுதுவதற்கு அதில் ஒரு கட்டம் உண்டு.

"தம்பி, இந்தக் கட்டத்தில என்ன எழுதப் போறீர்?" என்றார்.

கடையின் பெயரைச் சொன்னேன்.

"அந்தக் கடைக்கு இதை விக்க ஆர் உரிமை குடுத்தது?"

என்னிடம் பதில் இல்லை. நாடா அன்றே கடைக்குத் திரும்பிப் போயிற்று. அந்தத் தவணையில் படம் காட்டப்படவேயில்லை. விரிவுரையாளருக்கு என்மீது மனவருத்தம்; எனக்கு ஐயாமீது.

பல ஆண்டுகள் கழித்தே ஒன்று விளங்கிற்று. ஐயா கள்ளப் பிரதியை மறுத்தது சரி. ஆனால் மறுத்ததோடு நாங்கள் நின்றுவிட்டோமே, அதுதான் பிழை. உரிய இடத்துக்கு ஒரு கடிதம்கூட நாங்கள் எழுதவில்லை. சட்டப்படி நடப்பது என்றால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு இருப்பதல்ல. கேட்க வேண்டியவரிடம் கேட்பது.

அப்படியானால் யாரிடம் கேட்பது? ஒரு படத்தின் உரிமை பெரும்பாலும் இயக்குநரிடம் இருப்பதில்லை. தயாரித்தவரிடமோ, அவரிடம் வாங்கியவரிடமோ, அவருடைய வாரிசுகளிடமோ இருக்கும். ராய் கைப்பணம் தீர்ந்து நின்றபோது 'பதேர் பாஞ்சாலி'க்குப் பணம் கொடுத்துப் படத்தை முடிக்க வைத்தது மேற்கு வங்க அரசு. ஆகவே எங்கள் கடிதம் போயிருக்க வேண்டிய இடம் கல்கத்தாவின் அரச அலுவலகம். அதை அறிய ஒரு நல்ல சினிமா நூலைப் புரட்டியிருந்தாலே போதும்.

அடுத்தது, என்ன கேட்பது என்பது. நாடாவை வைத்திருப்பது ஒன்று, வாசகருக்கு இரவல் கொடுப்பது இன்னொன்று, மண்டபத்தில் பலரைக் கூட்டி வைத்துக் காட்டுவது வேறொன்று. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாகத் தயாரித்த பிரதியொன்றை வாங்கிய நூலகம் அதை இரவல் கொடுக்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இலாப நோக்கமற்ற கல்வி நிலையத்தில், வகுப்பறையில், ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருந்து பாடத்துக்காகப் பார்ப்பதற்கும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆனால் பொதுமக்களைக் கூட்டிக் காட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதனாலேதான் அங்குள்ள விநியோகஸ்தர் பலர் ஒரே படத்துக்கு இரண்டு விலை சொல்வார்கள்: வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு விலை, காட்டும் உரிமையோடு கேட்கும் நிறுவனத்துக்கு அதைவிடக் கூடிய விலை.

விற்பனையில் இல்லாத படமென்றால் தேடல் நீளும். சிறிய விநியோகஸ்தர், இயக்குநரின் குடும்பத்தினர், திரைப்பட ஆவணக் காப்பகங்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டும். முறையாக வெளிவந்த நாடா பழைய பொருட் சந்தையில் கிடைத்தால் அதை வாங்குவதும் சட்டத்துக்கு உட்பட்டதே. கையால் பழசானாலும் அது கள்ளப் பிரதி அல்ல. வேறொரு நூலகத்திடமிருந்து இரவல் பெறும் வழியும் உண்டு. நம்மவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க நாடா 'என்.ரி.எஸ்.சி.' முறையிலும், நமது கருவி 'பால்' முறையிலும் இருந்தன. அதைப் பாராமல் வாங்கிய நாடா அலுமாரியிலேயே கிடந்துவிடும்.

இனி, ஒரு படம் ஏன் கிடைக்காமற் போகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவிலே 'ஐஸ் ஒன் த பிரைஸ்' என்றொரு தொலைக்காட்சி ஆவணத் தொடர் உண்டு. அந்நாட்டுக் கறுப்பின மக்கள் சிவில் உரிமைக்காக நடத்திய போராட்டத்தின் வரலாறு அது. பொஸ்டன் நகரில் பிளக்சைட் என்ற நிறுவனத்தை நடத்திய ஹென்றி ஹம்ப்டன் தயாரித்தார். முதற் பகுதி 1987இல் ஆறு அங்கங்களாகவும், இரண்டாம் பகுதி 1990இல் எட்டு அங்கங்களாகவும் ஒளிபரப்பாயின. பள்ளிகளும் நூலகங்களும் நாடாக்களை வாங்கி வைத்தன.

அந்தத் தொடர் பழைய செய்திப் படங்களாலும் புகைப்படங்களாலும் பாடல்களாலும் கோக்கப்பட்டது. அவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரிமையாளர். கையில் இருந்த பணத்துக்கு ஏற்ப ஹம்ப்டன் குழுவினர் பலவற்றுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்தனர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்தத் தவணைகள் முடிந்தன. அதன்பின் தொடரை ஒளிபரப்ப முடியவில்லை. புதிய பிரதி விற்கவும் முடியவில்லை. ஹம்ப்டன் 1998இல் காலமானார். ஒரு மக்கள் கூட்டம் அடிபட்டும் சிறை சென்றும் பெற்ற உரிமையின் கதை, வேறொரு உரிமையின் பூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

அந்த ஆண்டுகளில் மாணவன் ஒருவன் அந்தத் தொடரைப் பார்க்க விரும்பினால் போக வேண்டிய இடம் நூலகம். முன்னர் முறைப்படி வாங்கிய நாடாவை இரவல் கொடுப்பதை எவரும் தடுக்க முடியாதல்லவா? பழைய நாடாத் தொகுதிகள் கைமாறியபோது பல நூறு டொலர் கேட்கப்பட்டது. ஈற்றில் போர்ட் மன்றம் முதலானவை பணம் கொடுத்தன. உரிமையாளர் ஒவ்வொருவரையும் மீண்டும் தேடி அனுமதி பெற்றார்கள். 2006இல் முதற் பகுதி மறுபடி ஒளிபரப்பாயிற்று. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த நினைவைக் காத்தவை நூலக அலுமாரிகளில் இருந்த நாடாக்களே.

ஆனால் நாடாவுக்கும் ஆயுள் உண்டு. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; ஓட ஓடத் தேயும். அதற்கும் அமெரிக்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. தன்னிடமுள்ள பிரதி பழுதுபட்டாலோ, தொலைந்தாலோ, அதன் வடிவம் வழக்கொழிந்தாலோ, நூலகம் மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். முதலில் நியாயமான முயற்சியோடு தேடி, நியாயமான விலைக்குப் புதிய பிரதி கிடைக்கவில்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எண்ணியல் முறையில் எடுத்த பிரதியை நூலகக் கட்டடத்துக்கு வெளியே பொதுமக்களுக்குக் கொடுக்க முடியாது என்பது இன்னொன்று. வழக்கொழிந்தது என்றால் என்னவென்றும் சட்டம் சொல்கிறது: அதனை இயக்கும் கருவி உற்பத்தியில் இல்லாமலோ, சந்தையில் நியாயமாகக் கிடைக்காமலோ இருக்க வேண்டும். ஜப்பானின் பூனாய் நிறுவனம் வீடியோ கசட் கருவிகள் செய்வதை 2016ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தியபோது, செய்தியாகப் படித்து வருந்தியவர் பலர். நூலகருக்கோ அது 'இனியும் பொறுக்காதே' என்ற எச்சரிக்கை.

இவை அமெரிக்கச் சட்டத்தின் ஏற்பாடுகள். அவற்றை அப்படியே இங்கு எடுத்தாள முடியாது. நமக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நம் நூலகர்கள் அதைப் படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே செயற்பட வேண்டும். நான் சொல்ல வந்தது சட்ட ஆலோசனை அல்ல, ஒரு மனப்பாங்கு.

இத்தனை பாடுபட்டு ஒரு பிரதியைக் காப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு, நான் தொடங்கிய படத்தின் கதையையே பதிலாகச் சொல்லலாம். 1993இல் இலண்டனின் ஹென்டர்சன் திரைப்பட ஆய்வுகூடத்தில் தீப்பிடித்தது. 'பதேர் பாஞ்சாலி' உட்பட அப்பு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் அதில் கருகின. ராய் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். கருகியவற்றைக் குப்பையென்று வீசாமல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தின் காப்பகம் பாதுகாத்து வைத்தது. இத்தாலியின் பொலோஞா நகர நிபுணர்கள் அவற்றுள் பயன்படக்கூடியதை எடுத்துக் கையால் சீராக்கினார்கள். மீட்க முடியாத பகுதிகளை எப்படி நிரப்பினார்கள்? ஹாவர்ட் திரைப்படக் காப்பகம், பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் போன்ற இடங்களில் பேணப்பட்டிருந்த பிரதிகளைக் கொண்டு நிரப்பினார்கள். 2015இல் அப்படங்கள் புதுப்பொலிவோடு திரைக்கு வந்தன. மூலம் எரிந்தாலும் நல்ல பிரதி பல இடங்களில் இருந்ததால் படம் பிழைத்தது. நான் வாங்கி வந்த கொப்பி போன்ற ஆயிரம் இருந்தாலும் அந்த நாணற்பூவை மீட்டிருக்க முடியாது.

நேயர்களே, எரிவது என்றால் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சாம்பலாயின. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1972இல் தந்த 'நிதானய' படத்தின் மூல நெகட்டிவும் இல்லாமற் போயிற்று. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பேணிய பிரதியின் துணையோடு 2013இல் அது சீரமைக்கப்பட்டது. ஒரு நாட்டின் படத்தை அயல்நாட்டின் அலுமாரி காத்தது. இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்று இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். சந்தா கட்டிப் பார்க்கும் படம் நமது அல்ல. ஒப்பந்தம் முடிந்த நாளில் அது சொல்லாமலே மறைந்துவிடும். பல புதிய படங்கள் இறுவட்டாக வெளிவருவதுமில்லை. நூலகம் விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் வாங்கி வைக்க ஒரு பொருள் இல்லை. முன்னர் அரிதாக இருந்தது பழைய படம். இனி அரிதாகப்போவது நேற்று வந்த படம். ஆகவே இப்போதுதான் கடிதம் எழுதும் பழக்கம் அதிகம் வேண்டியிருக்கிறது. எழுதுகிறபோது எவ்வளவு காலத்துக்கு, யாருக்குக் காட்ட, பழுதானால் வேறு பிரதி எடுக்கலாமா என்ற மூன்றையும் தெளிவாகக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

உங்களுள் எவரிடமேனும், உங்கள் குடும்பத்தவர் தயாரித்த அல்லது எடுத்த ஒரு படத்தின் சுருளோ நாடாவோ இருக்கலாம். பரணில் வைத்து அதைப் பூஞ்சணத்துக்குக் கொடுக்க வேண்டாம். அருகிலுள்ள ஒரு நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ ஒரு கடிதத்தோடு கொடுங்கள். "இதைப் பேணவும், பிரதி எடுக்கவும், மாணவருக்குக் காட்டவும் சம்மதிக்கிறோம்" என்ற ஒரு வரி போதும். நூலகர் உலகெல்லாம் அலைந்து தேடும் அனுமதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எங்கள் நூலகர் ஐயா இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அவர் கற்றுத் தந்த பாடம். அதை நிரப்புவதற்காக நாமே எழுந்து புறப்பட வேண்டும் என்பது, காட்டப்படாமற் போன அந்தப் படம் கற்றுத் தந்தது.